உப்புக்காரியின் நாலாவது தட்டு

ஆவூர் மாதா கோயிலில் தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளை காணாமல் போனார்.

பந்தலில் இலை போட்டாகிவிட்டது. கல்யாணப் பெண் ஞானமணி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலி காலி. பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவளுடைய சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடப் போனார். கோயில் மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆள் அகப்பட்டார். கல்யாண மாலையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார் மரியசூசை.

"என்ன மாப்ளே இது? அங்கிட்டு எலை காயுது, இங்கிட்டு வந்து மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

"இந்தப் பக்கத்த மட்டும் திருப்பிப் போட்டுட்டு வந்துர்றேன் மாமா. பாதியில நின்னா சனங்க வையும்."

தன் கல்யாணத்துக்குத் தானே ரேடியோ கட்டிய மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரேடியோ என்றால் வீட்டில் வைத்துச் செய்தி கேட்கிற பெட்டி அல்ல. மரத்து உச்சியில் கட்டுகிற குழாய், லாரி பேட்டரி, ஆம்ப்ளிபயர், கிராமபோன், ஒரு மைக் எல்லாம் சேர்ந்த பரிவாரத்துக்குத்தான் ரேடியோ செட்டு என்று பெயர். அது வந்து இறங்கினால்தான் அது கல்யாண வீடு.

மரியசூசை பட்டாளத்தில் டெலிபோன் ஒயர் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர். நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம், தர்பாரில் உத்தியோகம் பார்த்த ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு மெட்ராசுக்குக் கிளம்பினார். வாசலில் கட்டில், நிலைக்கண்ணாடி, மான்கொம்பு என்று பரப்பி விற்றதில் கிராமபோனும், கூடவே ஒரு தடித்த அட்டைப் புத்தகமும் மரியசூசைக்கு வாய்த்தன. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கிடையாது. தாளுக்குத் தாள் உறை, உறைக்குள் இசைத்தட்டு. மேலட்டையில் பொன்னெழுத்தில் 'உப்புக்காரி தர்க்கம் ஆல்பம்' என்று போட்டிருந்தது. உறை நாலு, தட்டு மூன்று. நாலாவது உறையில் காற்றுதான் இருந்தது.

"அது மேல எங்க மாமியார் உக்காந்துட்டாங்க," என்றாராம் உத்தியோகஸ்தர்.

அந்த மூன்று தட்டையும் ஒரு நாதஸ்வரத் தட்டையும் மூலதனமாக வைத்துத்தான் மரியசூசை தொழிலில் இறங்கினார். ஆவூர்ப் பக்கம் ஏற்கெனவே இரண்டு ரேடியோ செட்டு இருந்ததால், கிழக்கே ஆவுடையார்கோவிலுக்குப் போய்க் கடை போட்டார். சிவன் கோயில் வீதியில் 'சூசையப்பர் ரேடியோ சர்வீஸ்' என்ற பலகை ஏறியபோது, பேரைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட, திருவிழாவுக்குக் குழாய் கட்ட அவரிடம்தான் வந்தார்கள். ஐம்பதாம் வருஷம் தை மாதம் ஞானமணி அந்தக் கடையின் பின்கட்டுக்குக் குடித்தனம் வந்தாள்.

வந்த மறுநாள் விடியற்காலை, காபி போட அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளின் காதருகில் ஓர் ஆண் குரல் கர்ஜித்தது:

"நில்லடி நில்லடி உப்புக்காரி – ஆயம்
நீட்டாமல் தாண்டிநீ போவதெங்கே?"

ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டாள். உடனே ஒரு பெண் குரல் வெடுக்கென்று பதில் சொன்னது:

"சொல்லடா சொல்லடா ஆயக்காரா – கடல்
தண்ணிக்கு வரிகேட்ட ராசனெங்கே?"

மெஷினைச் சோதித்துப் பார்க்கிறாராம். தினமும் காலையில் சோதிப்பாராம். கதை இதுதான்: உப்புக் கூடை சுமந்து வரும் ஒரு பெண்ணைச் சாவடியில் வரி வாங்குகிற ஆயக்காரன் மறிக்கிறான். அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, மூன்று தட்டிலும் முன்பக்கம் பின்பக்கமாகச் சண்டை வளர்கிறது. மூன்றாவது தட்டு முடிகிற இடத்தில் ஆயக்காரன், "உன் அப்பன் பேரைச் சொல்லடி!" என்று அதட்டுவான். "என் அப்பன் பேரையா கேட்டாய்?" என்று அவள் குரலை மேலே தூக்குவாள். அவ்வளவுதான். கர்ர்ரென்று ஊசி தேய்கிற சத்தம். மிச்சக் கதை உத்தியோகஸ்தரின் மாமியாருக்கு அடியில் போய்விட்டது.

ஞானமணிக்கு அந்தத் தட்டுகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. காலையில் சோதனை, மத்தியானம் கடைக்கு வந்தவர்களுக்கு மாதிரி, சாயங்காலம் புது ஊசி வந்திருக்கிறதென்று இன்னொரு தடவை. பக்கத்து வீட்டுக் கிளி "நில்லடி" என்று கற்றுக்கொண்டது. இரண்டாவது தட்டில் ஒரு கீறல் உண்டு. "உப்பு" என்கிற சொல்லில் ஊசி மாட்டிக்கொண்டு, "உப்பு… உப்பு… உப்பு…" என்று திக்கும். மரியசூசை பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நகரும். குழம்பு கொதிக்கையில் ஞானமணியும் அந்தப் பாட்டை அவளறியாமல் முணுமுணுப்பாள். அந்த இடம் வந்ததும் மூன்று தரம் உப்பு உப்பு உப்பு என்று சொல்லி, அம்மியைக் கையால் தட்டிவிட்டுத்தான் மேலே போவாள். ஒருநாள் சொல்லுக்குச் சொல் உப்பைக் குழம்பிலும் போட்டுவிட்டாள். மரியசூசை பேசாமல் சாப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். எதிர்த்துப் பேசுகிற ஆளே அல்ல அவர்.

ஒரு தடவை கேட்டது அவள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அது பிறவிக் குணம். சிறுமியாக இருக்கும்போதே ஆவூர் கோயில் பாடகர் குழுவில் லத்தீன் பூசைப் பாட்டுகளை ஓர் அட்சரமும் அர்த்தம் தெரியாமல், ஓர் அட்சரமும் பிசகாமல் பாடுவாள். சாமியாருக்கு ஜலதோஷம் என்றால் அவர் மூக்கால் பாடுவதையும் சேர்த்தே பாடுவாள். அதற்காக முழங்காலில் நின்றிருக்கிறாள்.

ஐம்பத்து மூன்றில் மீமிசலில் ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ கட்டக் கூப்பிட்டார்கள். ஞானமணி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. "நானும் வாரேன்" என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள். கடலைப் பார்த்தாள், காலை நனைத்தாள், பந்தலுக்குத் திரும்பி வந்து ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வந்து ஒயரைப் பிடித்து இழுக்காமல் இருக்க மரியசூசை எப்போதும் தன் சாமான்களைச் சுற்றி ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிடுவார். அந்தத் திரைக்குள்தான் இருவரும்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது தட்டு முடிந்தது. வழக்கம்போல் சண்டையோடு நின்றது. திரையை விலக்கிக்கொண்டு ஒரு மீசை உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குழந்தைசாமி, மீன் வியாபாரி; அதட்டினால் அலை நின்றுவிடும் என்று சொல்வார்கள்.

"யோவ் ரேடியோ! தாலி கட்டப் போற நேரத்துல ஆணும் பொண்ணும் அடிச்சுக்கிட்டு நிக்கிறதா முடிக்கிற? இது வெளங்குமாய்யா? சேத்து வைக்கிற பிளேட்டப் போடு."

"அந்தப் பிளேட்டு… அதுல ஒரு அம்மா உக்காந்து…"

"யாரு உக்காந்தா எனக்கென்ன? இப்பப் போடல, ஒன் குழாயக் கழத்திக் கடல்ல வீசிருவேன்."

மீசை வெளியே போனது. மரியசூசை காலி உறையைத் துழாவினார். ஞானமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அடுத்து மைக்கைப் பார்த்தாள். தட்டைச் சுழலவிட்டு ஊசியை மட்டும் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு, அந்தத் தட்டுக்காரியின் அதே வெடுக்குக் குரலில், மூக்கில் கொஞ்சம் தகர ஓசையும் கலந்து, எடுத்தாள்:

"அப்பன்பேர் கேட்டது போதுமடா – என்
அப்பனைக் கேட்டொரு தாலிகொண்டா!
ஆயத்தை விட்டுநீ வந்தாயென்றால் – நான்
ஆயுசு முழுவதும் உப்பிடுவேன்!"

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சண்டை, தானாக அடுத்த அடியைப் போட்டுக்கொண்டது. தாளத்துக்கு ஊசி டப்பாவைக் குலுக்கினாள். பாடி நிறுத்தியதும்தான் உறைத்தது: ஆயக்காரன் பதில் சொல்ல வேண்டுமே! முழங்கையால் புருஷனின் விலாவில் ஒரு குத்து விட்டாள். மரியசூசை மைக்கில் கரகரத்தார்:

"சம்மதம்."

பந்தலில் விசில் பறந்தது. கெட்டிமேளம் பொங்கியது. அந்தச் சத்தத்தில் தாலி ஏறியது. குழந்தைசாமி வந்து மரியசூசையின் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்து, "இம்புட்டு நல்ல பிளேட்ட ஏன்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

இதை ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டாள். ரேடியோக்காரருக்குக் கலர் சோடா கொடுக்க வந்த கல்யாணப் பெண்ணின் தங்கை, திரைக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஞானமணி உதட்டில் விரலை வைத்தாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். போய், பெண்களிடம் மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து ஆறு வருஷம், ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் வரை பெண்கள் எல்லாருக்கும் தெரிந்து, ஆண்கள் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது என்றால் அது நாலாவது தட்டுதான்.

கல்யாணம் நிச்சயமான பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கடையின் பின்வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். வாங்க வந்ததுபோல் சும்மா ஒரு சீப்பு, ஒரு முழம் பூ கையில் இருக்கும். அமலராணி என்று ஒருத்தி வந்தாள். டீச்சர் டிரெயினிங் முடித்தவள்.

"அக்கா, அவுக வீட்ல என்னைய வேலைக்கு அனுப்ப மாட்டாங்க போல. நேர்ல கேக்க எனக்கு வாய் வரல. பிளேட்டுல வந்துச்சுன்னா…"

"வந்துட்டாப் போச்சு," என்றாள் ஞானமணி.

அமலராணியின் கல்யாணத்தில் உப்புக்காரி, "ஏட்டையும் எழுத்தையும் விடமாட்டேன் – நான் எட்டூருப் பிள்ளைக்கும் பாடஞ்சொல்வேன்" என்று பாடினாள். ஆயக்காரன், "சம்மதம்" என்றான். பந்தல் முழுவதும் கைதட்டியது. மாமனார்க்காரரும் தட்டினார். பந்தலில் எல்லார் முன்னாலும் தட்டிவிட்டு, பிறகு எப்படி மறுப்பது? அந்த ஜூன் மாதமே அமலராணி பள்ளிக்கூடம் போனாள்.

பிச்சையம்மாள் வந்தாள். அவள் வாக்கப்படப் போகிற ஊரில் ஊருணி எங்கேயோ கிடக்கிறது. தண்ணீர் சுமந்தே மூத்த மருமகள் இடுப்பொடிந்து கிடக்கிறாள். "ஊருணித் தண்ணிநீ சுமந்துவந்தா – நான் உலையேற்றிச் சோறாக்கிப் போட்டிடுவேன்" என்றாள் உப்புக்காரி. "சம்மதம்." பிச்சையம்மாளின் புருஷன் ஆண்டிச்சாமி ஆறடி உயரம், சண்டியர். பிளேட்டிலேயே வந்த பிறகு அவன் என்ன செய்வான்? மறுவாரமே தோளில் குடத்தோடு ஊருணிக்குப் போனான். கேட்டவர்களிடம், "அப்படித்தான்யா மொற. பிளேட்டுலயே இருக்கு," என்றான்.

யாரும் கேட்காமலேயே ஞானமணி எல்லாக் கல்யாணத்திலும் ஓர் அடி சேர்ப்பாள். குடித்துவிட்டு வந்து கை ஓங்கக்கூடாது என்பதுதான் அது. அந்த அடிக்கு மட்டும் 'சம்மதம்' இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்பது அவள் மரியசூசைக்குப் போட்ட சட்டம்.

டீக்கடையில் ஆண்கள் குழம்பினார்கள்.

"போன மாசம் ஆயக்காரன் பொண்டாட்டிய வேலைக்கு அனுப்புறேன்னான். நேத்து, பொங்கலுக்கு ஆத்தா வீட்டுக்கு அனுப்புறேங்கிறான். ஒரே பிளேட்டு எப்புடிப்பா மாறும்?"

"அது பெரிய கம்பெனிப் பிளேட்டுய்யா. உள்ளுக்குள்ள பல கோடு ஓடும். ஊசி எந்தக் கோட்டுல விழுகுதோ, அந்தக் கதை."

சொன்னவருக்கு அன்றைக்கு டீ இலவசமாக வந்தது.

ஒரு தடவை பாட்டின் நடுவில் ஞானமணிக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த வாரம் அறந்தாங்கியில் ஒருவர், "அந்த இருமுற பிளேட்டு ரொம்ப ஒஸ்திங்க, உப்புக்காரி நெசமாவே கடக்காத்துல நிக்கிற மாதிரி இருக்கு," என்று சொல்லி அதையே போடச் சொன்னார். ஞானமணி அவருக்காகவே ஒரு தரம் இருமினாள்.

ஐம்பத்தொன்பதில், கொழும்பில் கடை வேலை பார்த்துக்கொண்டிருந்த மரியசூசையின் தம்பி முறைக்காரன் செபமாலை லீவில் வந்தான். டிரங்குப் பெட்டியிலிருந்து சோப்பு, ஏலக்காய் எல்லாம் எடுத்துக் கொடுத்தபின், துண்டில் சுற்றிய ஒன்றை அண்ணனிடம் நீட்டினான்.

"அண்ணே, ஒனக்கு ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சுல்ல. அங்க ஒரு பழைய கடையில கெடந்துச்சு."

உப்புக்காரி தர்க்கம். நாலாவது தட்டு.

செபமாலை போனதும் இருவரும் கடைக் கதவைச் சாத்திவிட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மரியசூசை புது ஊசி போட்டார். ஞானமணி இத்தனை வருஷமாக எவள் குரலைத் தொண்டையில் வைத்துக் குடித்தனம் நடத்தினாளோ, அவள் இப்போது தன் வாயால் மிச்சத்தைச் சொல்லப் போகிறாள்.

சொன்னாள். அப்பன் பெயரைச் சொன்னாள், ஊர் பெயரைச் சொன்னாள், சின்ன வயதில் புயலில் காணாமல் போன அண்ணனைப் பற்றியும் சொன்னாள். ஹார்மோனியம் அழுதது. ஆயக்காரன் தழுதழுத்த குரலில் கூவினான்:

"தங்கச்சீ!"

"அண்ணா!" என்றாள் உப்புக்காரி.

பின்பக்கம் முழுவதும் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசியில் சர்க்கார் வரியை ஒழுங்காகக் கட்டும்படி ஒரு மங்களம்.

மரியசூசை நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஞானம்… அண்ணன் தங்கச்சிக்கா நாம இத்தன வருஷமா கல்யாணம் பண்ணி வச்சோம்?"

ஞானமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"சிரிக்காத பிள்ள. பெரும் பாவம். இனிமே உள்ளதத்தான் போடணும்."

"நல்லாருக்கே! நம்ம ஊருல அவுகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. இப்பப் போயிப் பிரிச்சு வைக்கச் சொல்றீங்களா? அந்தப் பிளேட்ட மூடி வைங்க."

அவர் வழக்கம்போல் எதிர்த்துப் பேசவில்லை. மூடி வைத்தார். ஆனால் மனசில் மூடவில்லை. அதற்குப் பாவபயம் மட்டும் காரணமல்ல. அது பிறகுதான் தெரிந்தது.

ஆவணியில் சொர்ணவல்லி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாதவள், ஒற்றைப் பிள்ளை. பின்வாசலுக்கு வந்து கையிலிருந்த சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில், "எங்க ஆத்தாவுக்கு என்னைய விட்டா யாருமில்லக்கா. கூட்டிட்டு வந்து வச்சுக்கிறேன்னு கேக்கணும். அவுக முகத்தப் பாத்தா பயமாருக்கு," என்றாள். ஞானமணி அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

கல்யாணத்தன்று மூன்றாவது தட்டு முடிந்தது. ஞானமணி தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்குக்குக் கை நீட்டினாள். மைக் எட்டவில்லை. மரியசூசை அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார். பெட்டியில் சுழன்றுகொண்டிருந்தது கொழும்புத் தட்டு. அவள் "என்னங்க!" என்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது.

ஊரெல்லாம் கேட்டது. அப்பன் பெயர், ஊர் பெயர், புயல். மணவறையில் மாப்பிள்ளை மாயழகு கையில் தாலியோடு ஒரு நிமிஷம் காத்திருந்தான், எல்லாரும் காத்திருக்கிற அந்தச் 'சம்மதம்' வரட்டும் என்று.

"தங்கச்சீ!" என்றது குழாய்.

யாரோ ஒரு கிழவர், "என்னடா சொன்னான்?" என்று பக்கத்தில் கேட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். "தாலி கட்டுற நேரத்துல தங்கச்சிங்கிறானே, எவன்டா அவன்!" நாலைந்து பேர் திரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மணவறையில் சொர்ணவல்லியின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

மரியசூசை ஊசியைத் தூக்கிக்கொண்டு நின்றார். "இதுதாங்க நெசமான பிளேட்டு. சத்தியமா இதுதான்!"

"போலிப் பிளேட்டக் கொண்டாந்து போட்டுட்டு நெசமுங்கிறியா? எங்க எப்பயும் போடுற பிளேட்டு? அத எடு!"

"அப்படி ஒண்ணு… இல்லீங்க."

"இல்லையா? அப்ப இத்தன வருஷமா நாங்க கேட்டது?"

மரியசூசை ஆல்பத்தின் காலி உறையைப் பிரித்துக் காட்டப் போனார். அதற்குள் ஞானமணி எழுந்து, சேலையை உதறி, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் பக்கத்தில் கிடந்த மைக்கை எடுத்தாள். கிழிந்த திரையைத் தாண்டி, ஒயரை இழுத்துக்கொண்டு, மணவறைக்கு நேர் எதிரே வந்து நின்றாள். திரைக்குப் பின்னால் பாடுவது வேறு, நானூறு கண்ணுக்கு முன்னால் வாயைத் திறப்பது வேறு. சொர்ணவல்லியை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

"ஒத்தையில் இருக்குது என்ஆத்தா – அவளை
ஒருபானைச் சோற்றிலே சேர்ப்பாயென்றால்,
பெத்ததாய் இருவரும் நமக்கென்பேன் – அந்தப்
பேச்சுக்குத் தலையாட்டித் தாலிகட்டு!"

அதே குரல். அதே வெடுக்கு. ஆண்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி பிள்ளைக்குச் சாவகாசமாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு நின்றது. இப்போது 'சம்மதம்' வர வேண்டும். ஞானமணி திரும்பிப் பார்த்தாள். மரியசூசை தலையைக் குனிந்துகொண்டு, உடைந்த திரைக் கம்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லப் போவதில்லை.

"சம்மதம்," என்று ஒரு குரல் கேட்டது.

மாயழகு சொன்னான். மைக் இல்லாமல், சாதாரணமாக, பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "அத்தைய நானே போயி வண்டி கட்டிக் கூட்டியாறேன். இதக் கேக்கவா இம்புட்டுப் பயம்?" என்றும் கேட்டான். மேளக்காரர்தான் முதலில் சுதாரித்தார். கெட்டிமேளம் முழங்கியது.

பஸ்ஸில் திரும்பும்போது ஞானமணி ஜன்னலோரம் திரும்பிக்கொண்டாள். பாதி வழியில் அவள்தான் கேட்டாள்.

"ஏன் அப்புடிச் செஞ்சீங்க?"

மரியசூசை மடியில் இருந்த ஆல்பத்தைத் தடவினார்.

"ஆயக்காரன் மூணு பிளேட்டு வரைக்கும் எப்புடிப் பேசுவான்? சிங்கம் மாதிரி. நாலாவதுல நான் வந்தா, சம்மதம். சம்மதம். ஆறு வருஷமா ஒரே வார்த்த. எனக்கும் ஒரு வரி குடுத்தா என்ன?"

ஞானமணி அவரை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் கடை வாசலில் பஞ்சாயத்து. முன்வரிசையில் ஆண்டிச்சாமி, தோளில் காலிக் குடம்.

"ஏம்மா, பிளேட்டுல வந்துச்சேன்னு அஞ்சு வருஷமா தண்ணி தூக்குறேன். எல்லாம் நீங்களா இட்டுக்கட்டுனதாமே? இது நாயமா?"

பின்னாலேயே நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர் மனைவியைப் பொங்கல்தோறும் தாய் வீட்டுக்கு அனுப்பியவர். இன்னொருவர் பிளேட்டுக்குப் பயந்து சாராயத்தை விட்டவர். ஞானமணி பதில் சொல்வதற்குள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சையம்மாள் வந்து சேர்ந்தாள்.

"இட்டுக்கட்டுனா என்னவாம்? அஞ்சு வருஷமா நான் ஆக்கிப் போட்ட சோறு இட்டுக்கட்டுனதா? வேணாம்னா விடுங்க, இன்னையிலேருந்து நான் ஊருணிக்குப் போறேன், நீங்க அடுப்புல நில்லுங்க."

ஆண்டிச்சாமி சாராயத்தை விட்டவரை ஓரக்கண்ணால் பார்த்தான். அந்த ஆள், மிச்சமான காசில் வாங்கிய தன் புதுச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கில்ல, தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு ஆண்டிச்சாமி குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஊருணிக்குப் போகிற வேலை இருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது.

சில வீடுகள் அதன் பிறகு அவர்களைக் கூப்பிடவில்லை. மாமியார்கள் கெட்டியாக இருக்கிற வீடுகளில் வேறு செட்டு போட்டார்கள். ஆனால் மற்ற வீடுகளில் தேதி வைக்கும்போதே, "ஞானமணி அக்கா அன்னைக்குச் சும்மா இருக்காங்களான்னு கேட்டுட்டு வை," என்றார்கள். திரை போய்விட்டது. கணவனும் மனைவியும் மணவறைக்கு எதிரே ஆளுக்கொரு பக்கம் நின்று, நாலாவது தட்டை நேரடியாகப் பாடினார்கள். மரியசூசைக்கு அவள் முதலில் ஒரு வரி கொடுத்தாள். அவர் அதை இரண்டாக்கினார். அடுத்த கல்யாணத்தில் நாலாக்கினார். இத்தனை வருஷம் உள்ளே தேங்கிக் கிடந்தது எல்லாம் மடை திறந்து வந்தது. ஆயக்காரனுக்கும் குறைகள் இருந்தன. குழம்பில் உப்பு, எடுத்து வைத்தால் காணாமல் போகிற வேட்டி, ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வருகிற வாய். ஆண்கள் பக்கத்திலும் இப்போது கைதட்டல் எழுந்தது. சில மாப்பிள்ளைகள்கூடப் பின்வாசலுக்கு வந்து காதோடு காதாக எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

அறுபதுகளில் கரண்டு வந்தது. மரியசூசை பெரிய ஆம்ப்ளிபயர் வாங்கினார். கடையில் சினிமாப் பாட்டுத் தட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. பந்தலில் பகல் முழுவதும் அவைதான் ஓடும். தாலி கட்டும் நேரம் நெருங்கினால் மட்டும், பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது எழுந்து, "போதும், அத நிறுத்திட்டு நீங்க வாங்க," என்பார்கள்.

அறுபத்தைந்தில் அமரடக்கிப் பக்கம் ஒரு கல்யாணம். அன்றைக்கு என்னவோ இருவருக்கும் தொண்டை நன்றாக இருந்தது. அவள் ஒரு வரி பாட, அவர் அதை மடக்க, அவள் அந்த மடக்கை மடக்க, தர்க்கம் ஏறிக்கொண்டே போனது. மாமியாரில் தொடங்கி மாட்டுக்கொட்டகை, மாட்டுக்கொட்டகையில் தொடங்கி ஆவூர்ச் சித்தப்பா என்று எங்கெங்கோ போய்விட்டது. ஐயர் இரண்டு தரம் கையைக் காட்டினார். மேளக்காரர் இரண்டு தரம் கம்பைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தினார்.

"நேரம் போகுதுய்யா!" என்று பெண்ணின் தகப்பனார் கத்தினார். இருவர் காதிலும் விழவில்லை. அவர் பொறுமையிழந்து ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். குழாய் கப்பென்று அடங்கியது. கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, பூவும் அரிசியும் பறந்தன.

அந்த இரைச்சலுக்கு நடுவில் செத்துப்போன மைக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு, ஞானமணி கையை நீட்டி நீட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். மரியசூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவரிடம் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது.